மரத்துக்கும் உண்டு மார்க் ஷீட்!

போன வருஷம் கோவையில் எவ்வளவு மழை பெய்தது? செல்போனைத் தட்டினால் பதில் வந்துவிடும். நூறு வருஷத்துக்கு முன்னாடி? பழைய பதிவேடுகளைப் புரட்டலாம். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி? இங்கேதான் சிக்கல். இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்ததே 1875-ல்தான். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய மழையை அளந்து எழுதி வைக்க நம்ம பக்கம் ஆள் யாரும் இல்லை.

ஆள்தான் இல்லை. மரம் இருந்தது!

பொள்ளாச்சியில் இருந்து சேத்துமடை, டாப்சிலிப் எல்லாம் தாண்டி பரம்பிக்குளம் டூர் போயிருக்கீங்களா? போனவங்க 'கன்னிமாரா தேக்கு' முன்னாடி நின்று கட்டாயம் ஒரு போட்டோ எடுத்திருப்பீங்க. சுற்றளவு சுமார் 7 மீட்டர். வயசு 450-க்கு மேல் என்கிறார்கள். வெட்டப் போனப்போ மரத்தில் இருந்து ரத்தம் வந்தது என்று அங்கே ஒரு கதையும் உண்டு. ரத்தம் வந்ததோ இல்லையோ, அந்த மாதிரி மரங்களுக்குள்ளே ஒரு டைரி இருப்பது மட்டும் நிஜம். வருஷத்துக்கு ஒரு பக்கம். அந்த டைரியைப் படிக்கிற படிப்புக்குப் பெயர் டெண்ட்ரோகுரோனாலஜி. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம் பாஸ், மேட்டர் ரொம்ப சிம்பிள்.

ஹாஸ்டல் பையனும் தேக்கு மரமும்

மரப்பட்டைக்கு உள்பக்கம் 'கேம்பியம்' என்று மெல்லிசா ஒரு வளரும் அடுக்கு இருக்கு. மரம் பெருக்கிறது அதனால்தான். தேக்கு என்ன செய்யும் தெரியுமா? வறட்சியான மாசங்களில் இலையை எல்லாம் கொட்டிவிட்டு 'நான் தூங்கப் போறேன்' என்று நின்றுவிடும். வளர்ச்சிக்கு லீவு. அப்புறம் மழைவாசம் வந்ததும் புதுத் துளிர் விடும். அப்போ உருவாகிற கட்டையில் தண்ணீர் ஏற்றும் குழாய்கள் பெரிசு பெரிசா, ஊசியால் குத்தின மாதிரி வரிசையா இருக்கும். சீசன் முடிய முடியக் குழாய்கள் சிறுத்துப் போகும். மறுபடி தூக்கம். சின்னத் துளை முடிந்து பெரிய துளை ஆரம்பிக்கிற அந்தக் கோடுதான் வருஷ வளையத்தின் எல்லை.

சரி, இதில் மழைக் கணக்கு எப்படி வந்தது?

மாசக் கடைசியில் கையில் காசு இல்லாத ஹாஸ்டல் பையன் எதை முதலில் நிறுத்துவான்? சினிமாவை. மெஸ் பில்லை நிறுத்த முடியாதே! மரமும் அதே கேஸ்தான். மண்ணில் ஈரம் குறைந்தால் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். மூடினால் தண்ணீர் மிச்சம். ஆனால் காற்றில் இருந்து கரியமில வாயு உள்ளே வராது, சாப்பாடு தயாரிப்பு படுத்துவிடும். இருக்கிற கொஞ்சநஞ்சச் சாப்பாட்டை இலைக்கும் வேருக்கும் கொடுத்துவிட்டு, உடம்பு பெருக்கிற வேலையைத் தள்ளிப் போடும். அந்த வருஷ வளையம் நூல் மாதிரி ஒல்லியாப் போகும். நல்ல மழை வருஷத்தில் வளையம் கும்முனு இருக்கும். முந்தின வருஷம் சேர்த்து வைத்த சாப்பாடும் கொஞ்சம் கைகொடுக்கும் என்பதால், சில சமயம் ஒரு வருஷத்து வறட்சி அடுத்த வருஷ வளையத்திலும் தலைகாட்டும். அரியர் மாதிரி!

எல்லா மரமும் இப்படி உண்மையைச் சொல்லிவிடாது. காலிங்கராயன் வாய்க்கால் ஓரம் காலை நனைத்துக்கொண்டு நிற்கிற மரத்துக்குப் பஞ்சம் என்றால் என்னவென்றே தெரியாது. அப்பா மாசாமாசம் பணம் அனுப்புகிற பையனிடம் மாசக் கடைசி கஷ்டத்தைக் கேட்கிற மாதிரிதான் அது. அதன் வளையம் எல்லாம் ஒரே சைஸில் இருக்கும். பாறைச் சரிவிலும் கரட்டு நிலத்திலும் தண்ணிக்குத் தவித்து வளர்ந்த மரம்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஹீரோ.

ஒருத்தன் ஃபெயிலா... கிளாஸே ஃபெயிலா?

'வளையம் ஒல்லியா இருந்தா பஞ்சம், அவ்வளவுதானே?' என்று கிளம்பிவிடாதீங்க. மரத்துக்குக் கஷ்டம் பல ரூபத்தில் வரும். பக்கத்து மரம் வெயிலை மறைத்திருக்கலாம். யாரோ ஆட்டுக்குத் தழை ஒடித்திருக்கலாம். காட்டுத்தீ பட்டிருக்கலாம். புழு மேய்ந்திருக்கலாம். தேக்கு இலையைத் தின்கிற ஒரு புழுவை வைத்து, பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் நிலம்பூர் தேக்குத் தோட்டங்களில் ஒரு ஆய்வு செய்தது. இளம் தேக்குகள் வளர்ந்திருக்க வேண்டிய அளவில் 44 சதவீதத்தைப் புழுவே காலி பண்ணியிருந்தது! மழை பொய்க்காமலே மரம் மெலிய முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

அப்போ பஞ்சத்தையும் புழுவையும் எப்படிப் பிரிப்பது? உங்க கிளாஸை நினைச்சுக்கோங்க. ஒரே ஒருத்தன் ஃபெயில் ஆனால் அது அவன் சொந்தப் பிரச்னை. கிளாஸே ஃபெயில் என்றால் கொஸ்டின் பேப்பர் கஷ்டம்! மரத்துக்கும் அதே லாஜிக். ஒரு மரத்தில் மட்டும் ஒல்லி வளையம் என்றால் அந்த மரத்தின் சொந்தக் கதை. இருபது, முப்பது மரங்களில், அதுவும் வேறு வேறு இடத்து மரங்களில், ஒரே வருஷம் ஒல்லி என்றால் அது வானத்தின் கதை.

இந்த ஒப்பீட்டுக்குள் இன்னொரு முக்கியமான வேலையும் ஒளிந்திருக்கு. நம்ம ஊரில் ஆனி, ஆடியில் ஒரு மழை. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை. நடுவில் வெயில் ரொம்ப நீண்டுவிட்டால் மரம் ஏமாந்து தூங்கிவிட்டு மறுபடி எழுந்துகொள்ளும். ஒரே வருஷத்தில் இரண்டு கோடு! இதுக்கு 'பொய் வளையம்' என்று பெயர். கொடுமையான பஞ்சத்தில் உடம்பின் ஒரு பக்கத்தில் வளையமே போடாமல் விடுகிற மரங்களும் உண்டு. வெறுமனே 1, 2, 3 என்று எண்ணினால் கணக்கு அம்பேல். பல மரங்களின் ஒல்லி-குண்டு வரிசையை பார்கோடு மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்தினால்தான் ஒவ்வொரு வளையத்துக்கும் சரியான வருஷம் கிடைக்கும்.

இந்தப் பொருத்தம் பார்க்கிற வித்தையைப் பெரிய அளவில் வளர்த்தவர் அமெரிக்காவில் அரிசோனாவைச் சேர்ந்த ஏ.இ.டக்ளஸ். அவர் மரத்து வாத்தியார் இல்லை, வானியல் ஆள்! சூரியப் புள்ளிகளுக்கும் பூமியின் மழைக்கும் தொடர்பு உண்டா என்று தேடப் போய் மரத்துக்குள் நுழைந்தவர். உயிரோடு இருக்கிற மரங்களின் வரிசை ஒரு பக்கம், பழைய இடிபாடுகளில் கிடைத்த உத்திரங்களின் வரிசை இன்னொரு பக்கம், நடுவில் ஒட்டாத இடைவெளி. 1929-ல் ஷோ லோ என்கிற ஊரில் கரிந்துபோன ஒரு உத்திரத் துண்டு கிடைத்தது. இரண்டு வரிசையும் அதில் வந்து பொருந்த, செவ்விந்தியர்களின் பழைய குடியிருப்புகளுக்கு ஒரே வீச்சில் வருஷம் குறித்துவிட்டார்கள். ஒரு கரிக்கட்டை செய்த வேலை பாருங்க!

தேக்கு எழுதின தாது வருஷம்

வெப்ப நாட்டு மரங்களில் வருஷ வளையம் தெளிவா இருக்கிறது அபூர்வம். வேம்பு, புளி எல்லாம் பெரும்பாலும் நம்மைக் குழப்பிவிடும். அந்த அபூர்வப் பட்டியலில் தேக்குக்குத்தான் முதல் இடம். சந்தன வேம்பும் கூட உண்டு. 1931-லேயே ஜாவா தீவுத் தேக்கை வைத்து, 1514-ல் இருந்து வருஷவாரியா வளர்ச்சிக் கணக்கைப் போட்டுவிட்டார் பெர்லாகே என்பவர்.

நம்ம பக்கம்? புனேவில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் போர்கோங்கரும் அவர் குழுவும், கேரளத் தேக்குகளை வைத்து 523 வருஷ வரிசை ஒன்றை 2010-ல் வெளியிட்டார்கள். ஆரம்பம் 1481, முடிவு 2003. வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்து இறங்குவதற்கு 17 வருஷம் முன்னாடி பெய்த மழை அதில் இருக்கு! பசிபிக் கடல் சூடாகி நம்ம பருவமழையைக் கெடுக்கிற எல் நினோ வருஷங்களில், தேக்கு வளையம் மெலிந்து போவதை அதில் காட்டினார்கள்.

அதே 2010-ல் அமெரிக்காவின் எட்வர்ட் குக் குழு, ஆசியா முழுக்க முந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களின் மர வளையங்களைச் சேர்த்து ஒரு 'பஞ்ச வரைபடம்' போட்டது. அதில் தனியாத் தெரிந்த நான்கு பெரும் பஞ்சங்கள்: 1638-41, 1756-68, 1790-96, 1876-78.

கடைசியா இருக்கிற வருஷம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? அதுதான் தாது வருஷப் பஞ்சம்! நம்ம கோயமுத்தூர் ஜில்லாவையும் உலுக்கி எடுத்த பஞ்சம். ஊரில் வயசான அப்புச்சி, அம்மாயி யாராவது 'தாது வருஷத்துல...' என்று ஆரம்பித்தால் அது அவங்க தாத்தா காலத்துக் கதை. மனுஷன் வாய்வழியா கடத்தினதை மரம் வளையமா எழுதி வைத்திருக்கு.

ஆனா, இது நம்ம மழையா?

இங்கேதான் கோவைக்காரர்கள் ஒரு கேள்வி கேட்கணும். குக் குழுவின் வரைபடம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாசங்களின் ஈரத்தைச் சொல்வது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் அதுதான் முக்கிய மழை. நம்ம பக்கம் மழை மறைவுப் பிரதேசம். பாலக்காட்டுக் கணவாய் வழியா காற்று ஜோரா வரும், மழை கொஞ்சம்தான் வரும். கோவையின் வருஷ மழை 600 முதல் 700 மில்லிமீட்டர். அதில் கிட்டத்தட்ட பாதி வடகிழக்குப் பருவமழை கொடுப்பது. காங்கேயம், தாராபுரம் பக்கம் மானாவாரி விவசாயியைக் கேட்டுப் பாருங்க, 'ஐப்பசி மழை கைவிட்டா சோலி முடிஞ்சுதுங்க' என்பார்.

2016-ல் கைவிட்டது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரி 10-ந் தேதி மாநிலம் முழுக்க வறட்சி என்று அரசே அறிவித்தது. இப்படி ஒரு அடி நூறு வருஷத்துக்கு ஒரு தடவை விழுமா, ஐம்பது வருஷத்துக்கு ஒரு தடவையா? தொடர்ந்து மூன்று வருஷம் விழுந்த காலம் உண்டா? அணைக்கும் ஆழ்குழாய்க்கும் பயிருக்கும் திட்டம் போடுகிறவர்களுக்கு இந்தப் பதில் வேண்டும். நூற்றைம்பது வருஷ மழைமானிக் கணக்கு அதுக்குப் போதாது.

இங்கே ஒரு சூப்பர் நியூஸ். அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ஆர்.ரமேஷ் உள்ளிட்ட விஞ்ஞானிகள், கேரளத் தேக்கின் வளையங்களை இழை இழையா சீவி, அதில் இருக்கிற ஆக்சிஜனை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டார்கள். மழைத்தண்ணீரின் ஆக்சிஜனில் கனமானதும் உண்டு, லேசானதும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் லேசான ஆக்சிஜனின் பங்கு கொஞ்சம் அதிகம். அதனால் ஒரே வளையத்துக்குள் தென்மேற்கு மழையின் தடத்தையும் வடகிழக்கு மழையின் தடத்தையும் தனித்தனியா தேட முடியும்! அகலத்தை மட்டும் அளந்தால் மொத்த மார்க் தெரியும். ஆக்சிஜனைப் பார்த்தால் சப்ஜெக்ட் வாரியா மார்க் தெரியும்.

இந்த வித்தைக்குத் தேவை, மலைக்கு இந்தப் பக்கம் வளர்ந்த பழைய கட்டை. அது எங்கே?

சறுக்கி விட்ட சரித்திரம்

டாப்சிலிப் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? ஆனைமலைத் தேக்கை வெட்டி, மலை உச்சியில் இருந்து கீழே சறுக்கி விடுவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் பம்பாய்க் கப்பல் துறைக்குப் போன தேக்கில் நம்ம ஆனைமலைத் தேக்கும் உண்டு. சறுக்கிப் போன ஒவ்வொரு கட்டையிலும் பல தலைமுறை மழைக் கணக்கு இருந்தது. கப்பலுக்கு அது தெரியுமா என்ன?

அது பழைய கதை என்று விடவும் முடியாது. இன்றைக்கும் ரோடு அகலப்படுத்த மரம் விழுகிறது. கொங்கு நாட்டுக் கிராமங்களில் பழைய தொட்டிக்கட்டு வீட்டைப் பிரித்தால் தேக்குத் தூணும் விட்டமும் வியாபாரியின் லாரி ஏறிவிடுகிறது. அங்கே போனதும் ஆசாரி முதலில் என்ன செய்வார்? வெளிப்பக்கம் இருக்கிற 'வெள்ளை'யைச் சீவித் தள்ளுவார், வைரம் பாய்ந்த பகுதி மட்டும்தான் காசு. அவர் தொழிலுக்கு அது சரி. ஆனால் சீவின வெள்ளையோடு கடைசி சில வருஷங்களும் குப்பைக்குப் போய்விடும். மரம் எந்த வருஷம் வெட்டப்பட்டது என்று சொல்கிற முனையே போச்சு. டக்ளஸுக்கு வழிகாட்டினது ஒரு கரிக்கட்டை என்பதை இங்கே ஒரு தடவை நினைச்சுக்கோங்க.

'எங்க தோப்புல தென்னை இருக்கே, அதை அறுத்துப் பார்க்கலாமா?' என்று பொள்ளாச்சி நண்பர்கள் கேட்கலாம். வேண்டாம் சாமி! தென்னைக்கும் பனைக்கும் கேம்பியமே கிடையாது, வளையமும் கிடையாது. ஆனால் தென்னை வேறு ரூட்டில் கதை சொல்லும். தண்ணிக்குத் தவித்த காலத்தில் வளர்ந்த பகுதி பென்சில் முனை மாதிரி ஒடுங்கிவிடும். அப்புறம் நல்ல மழை வந்தாலும் அந்த இடம் மட்டும் பெருக்கவே பெருக்காது. தண்டில் மட்டை விழுந்த தழும்புகள் இருக்கும். நல்லா கவனித்த தென்னை வருஷத்துக்கு ஏறக்குறைய 12 மட்டை விடும். உச்சியில் இருக்கிற பச்சை மட்டைகளையும் சேர்த்து மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டே வாங்க, ஒடுங்கின இடம் எந்த வருஷம் என்று உத்தேசமா பிடித்துவிடலாம்.

புதர்ச்செடிகளும் சும்மா இல்லை. மரமே வளராத ஆர்க்டிக் பகுதியில், தரையோடு படர்கிற வில்லோ புதரின் விரல் கனத் தண்டில் நூறு வருஷத்துக்கும் மேலான வளையங்களைப் படித்திருக்கிறார்கள். தண்டின் ஒரு இடத்தில் விட்டுப்போன வளையம் இன்னொரு இடத்தில் இருக்கலாம் என்பதால், வேரில் இருந்து நுனி வரை பல இடத்தில் சீவிப் பார்ப்பார்கள். ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்து வேல மரங்களில் வளைய எல்லை ஒரு மெல்லிய வெளிர் கோடாத் தெரியும். நம்ம கொறங்காட்டு வெள்வேலும் வேலிக் கிளுவையும் என்ன எழுதி வைத்திருக்கும்? தாவரவியல் படிக்கிறவங்களுக்கு அருமையான புராஜெக்ட் இது!

நீங்களே களத்தில் இறங்க...

உயிரோடு இருக்கிற மரத்தில் கை வைக்காதீங்க. ஆராய்ச்சியாளர்கள் பென்சிலைவிட ஒல்லியான ஒரு துண்டை மட்டும் துளைபோட்டு எடுப்பார்கள். அதுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். ஆனைமலை புலிகள் காப்பகத்தில் சுள்ளி பொறுக்கக்கூட நினைக்காதீங்க. உங்களுக்கு வெட்டி விழுந்த மரம் போதும்.

தேக்கோ, மலைவேம்போ விழுந்திருந்தால், உரிமை உள்ளவரிடம் கேட்டு இரண்டு அங்குல கனத்தில் ஒரு வட்டு வாங்குங்க. பட்டை உரியாமல் இருக்கணும், அதுதான் உயிர்நாடி. வெட்டின தேதி, இடம், தரையில் இருந்து எவ்வளவு உயரம், பக்கத்தில் வாய்க்கால் உண்டா, இதையெல்லாம் அன்றைக்கே எழுதி ஒட்டுங்க. வெயிலில் காயப்போட்டால் வெடிக்கும், நிழலில் உலர்த்துங்க.

அப்புறம் உப்புத்தாள். 80-ம் நம்பரில் ஆரம்பித்து 120, 220, 400 என்று போய் கண்ணாடி மாதிரி தேயுங்க. கை வலிக்கும், ஆனால் துளை ஒவ்வொன்றும் பளிச்சுனு தெரியும். பட்டையில் இருந்து நடு நோக்கி, வேறு வேறு திசையில் நான்கு கோடு போட்டு லென்ஸ் வைத்து எண்ணுங்க. நான்கும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கேயோ பொய் வளையமோ, விட்டுப்போன வளையமோ இருக்கலாம். ஒல்லி வருஷங்களை கிராஃப் தாளில் நெட்டைக் கோடா குறியுங்க. நண்பர்கள் நான்கு பேர் நான்கு ஊர் மரத்தில் இதைச் செய்து, தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றா வையுங்க. 2016, 2017 வளையங்கள் எல்லாத் தாளிலும் நெட்டைக் கோடா நிற்குதா என்று தேடுங்க. நின்றால், நீங்கள் படித்தது வானத்தின் கதை!

சந்தேகம் கேட்கவும் தூரம் போக வேண்டாம். கோவை ஆர்.எஸ்.புரம் பக்கம் வனக்கல்லூரி வளாகத்தில் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் இருக்கு. அதே வளாகத்தில், 1902-ல் தொடங்கின கேஸ் வன அருங்காட்சியகத்தில் மர மாதிரிகளைப் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி இருக்கு. மழைக் கணக்கு வேண்டுமா, அதே பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம் கோவையிலேயே இருக்கு. வாத்தியார் கையெழுத்தோடு ஒரு லெட்டர் எடுத்துக்கிட்டுப் போங்க.

ஒரு வட்டில் முப்பது, நாற்பது வருஷம்தான் இருக்கும். பெரிசா என்ன கிடைக்கும் என்று தோணலாம். ஆனால் 523 வருஷ வரிசை வானத்தில் இருந்து விழவில்லை. ஒவ்வொரு மரத்தையும் இன்னொரு மரத்தோடு கோர்த்துத்தான் வந்தது. நம்ம பக்கத்து மழைக்கும் அப்படி ஒரு வரிசை வேண்டும் என்றால், கோர்ப்பதற்கு முதலில் கட்டை மிச்சம் இருக்கணும்.

அதனால் உங்க காலேஜ் ரோட்டிலோ, தோட்டத்திலோ, பக்கத்து மர மில்லிலோ ரம்பச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பைக்கை நிறுத்துங்க. 'அண்ணா, ஒரு வட்டு மட்டும் கொடுங்க' என்று கேளுங்க. மறக்காமல், பட்டையோட!